தோணாவை யார் வெட்டுவது

1

போன செவ்வாய்க்கிழமை காலை, முதல் நாள் இரவு அடித்த புயலில் எங்கள் ஊர் ஓடைக்குள் ஒரு மரம் விழுந்து கிடந்தது. எங்கள் ஊர் என்று கை தானாக எழுதிவிட்டது. சுவிற்சர்லாந்தில் நான் இப்போது இருக்கும் சின்ன ஊரைச் சொல்கிறேன். மரத்தில் குப்பை அடைத்து, தண்ணீர் கரையைத் தாண்டி ஒரு தச்சுப் பட்டறையின் வாசலுக்கு வந்துவிட்டது.

நான் இந்த ஊரின் கெமைண்டேயில் வேலை செய்கிறேன். கெமைண்டே என்றால் இங்கத்தைய ஊர்ச்சபை. செம்மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டு பனி தள்ளுவது, ஓடை துப்புரவு பார்ப்பது, நாய்க்கழிவுப் பெட்டியில் பை மாற்றுவது, இவைதான் என் தொழில். என் மேலதிகாரி ரெகுலா. என் மூத்த மகளைவிட நாலைந்து வயதுதான் கூடியவள். அவள் ஓடையைப் பார்த்தாள், தொலைபேசியை எடுத்தாள், மண்வாரி இயந்திரம் வைத்திருக்கும் ஒருவனைக் கூப்பிட்டாள். பிறகு கையிலிருந்த பாண் துண்டைக் கடிக்கத் தொடங்கிவிட்டாள்.

"யாரிடம் கேட்டாய்?" என்றேன்.

"யாரிடம் கேட்க வேண்டும்? நம்முடைய ஓடைதானே."

"செலவு?"

"பில் வரும். கையெழுத்துப் போடுவேன். கூடிப்போனால் சபையில் திட்டுவார்கள்."

முக்கால் மணித்தியாலத்தில் இயந்திரம் வந்தது. எனக்கு அப்போது வந்தது வியப்பு இல்லை, அருவருப்பு. அது ரெகுலாவின் மேல் வந்த அருவருப்பு இல்லை. அந்த ஓடைக்கரையில் நின்றபடி எனக்கு இன்னொரு தண்ணீர் ஞாபகம் வந்தது. அன்று காலையே நடந்த வேறொன்றையும் சொல்ல வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

அம்பாறைக் கரையில், கல்முனைக்குக் கொஞ்சம் தெற்கே, ஒரு பிரதேச சபையில் நான் ஒன்பது வருஷம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக, ஊர் வாயில் டீ.ஓ.வாக, இருந்தேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் முகநூலில் யாராவது சண்டைக்கு வருவார்கள். பெயர் தெரியாவிட்டாலும் நட்டமில்லை, அந்தக் கரையில் எந்த ஊரை எடுத்தாலும் கதை ஏறத்தாழ இதுதான்.

எங்கள் பக்கத்தில் தோணா என்று ஒன்று இருக்கிறது. மாரியில் வயல்பக்கத்து வெள்ளமெல்லாம் சேர்ந்து கடலுக்கு இறங்கும் கழிமுகம். கோடையில் கணுக்கால் தண்ணீர்தான் இருக்கும். கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மாரி வந்ததும் அந்த மணல் திட்டை வெட்டிவிட வேண்டும். முந்தி வெட்டினால் உப்பு உள்ளே ஏறும், பிந்தி வெட்டினால் ஊர் தாழும். பழைய பாலத்தூண் ஒன்றில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையும் கரைவலைக்காரரும் பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர்மாரும் கூடிப் பேசுவார்கள். பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். பக்கத்துத் தமிழூர் ஆட்களும் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள், வெள்ளத்துக்கு இரண்டு ஊரும் ஒன்றுதானே. பாத்திஹா ஓதி, கடல் வற்றும் நேரம் பார்த்து வெட்டுவார்கள். அரை நாள் வேலை. அதற்குத் திட்டமும் இல்லை, மதிப்பீடும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை.

அந்தத் தோணாக்கரையில்தான் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர் கபூர் மச்சானின் ஐஸ் பக்டரி இருந்தது. பக்டரி என்று பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கொட்டில், ஒரு மோட்டர், தகர அச்சுகள். ஆனால் அந்த ஐஸ் இருந்த வரைக்கும் எங்கள் கரை மீனுக்கு எங்கள் ஆட்கள் விலை சொன்னார்கள். ஐஸ் இல்லாத நாளில் வெயில் ஏற ஏற லொறிக்காரன் சொல்வதுதான் விலை. "மீன் நாறுறதுக்கு முந்தி மனிசன் நாறிப்போயிருவான் மச்சான்" என்பார் கபூர் மச்சான். ஒரு பிரதேசத்தின் பொருளாதார வளர்ச்சி என்றால் என்ன என்று எவர் கேட்டாலும் நான் அந்தக் கொட்டிலைத்தான் காட்டுவேன்.

3

சுனாமி அந்தக் கொட்டிலை எடுத்துப் போனது. எங்கள் குடும்பத்தில் மூன்று பேரையும் எடுத்துப் போனது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அதன் பிறகு வந்த அலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். காசு அலை. உலகமே எங்கள் கரைக்கு அனுப்பியது. அதில் எங்கள் சபையின் கைக்கு வந்தது என்ன தெரியுமா? கதிரைகள். ஒவ்வொரு திறப்பு விழாவுக்கும் சபையில் இருந்து பிளாஸ்டிக் கதிரை அடுக்கிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. ஒரு நிறுவனம் வள்ளம் கொடுத்தது, அதைப் பார்த்து இன்னொன்றும் வள்ளம் கொடுத்தது. கடலில் மீனைவிட வள்ளம் கூடிப்போகும் போல இருந்தது. ஐஸ் வேண்டுமா என்று எந்த நிறுவனமும் கேட்கவில்லை. எங்களிடம் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்போம்.

கொழும்பில் ஒரு அமைச்சின் திட்டத்தில் கரையோரம் கல்லுச் சுவர் வந்தது. மேலே நடைபாதை, விளக்குக் கம்பம், உட்கார வாங்கு. தோணா வாய்க்கு மேலாலேயே சுவரைக் கொண்டுபோனார்கள். தண்ணீர் போகக் கீழே இரண்டு குழாய் வைத்தார்கள். அளக்க வந்த பொறியியலாளர் ஆடி வெயிலில் வந்தார், சப்பாத்தைக் கழற்றாமலே தோணாவைத் தாண்டினார். நான் மாரியைப் பற்றிச் சொன்னேன். அவர் வரைபடத்தை விரித்தார். அதில் தோணா ஒரு நீலக் கோடு, நேராகக் கடலில் போய் முடிந்தது. மணல் திட்டு வரைபடத்தில் இல்லை.

"சைட்ல இரிக்கி சேர்" என்றேன்.

"பிளானில் இல்லையே" என்றார்.

எங்கள் தவிசாளர் என் கையைப் பிடித்து இழுத்தார். "டீ.ஓ., விடுங்க. நம்மட காசா போகுது?" என்றார்.

அந்த ஒரு வசனத்துக்குள் முழு நோயும் இருக்கிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நம்முடைய காசு இல்லை, ஆகவே நம்முடைய சுவர் இல்லை, ஆகவே நம்முடைய வெள்ளமும் இல்லை. சபைக்கென்று இருந்தது வீடு வளவுக்கு விதிக்கும் சோலைவரியும் சந்தைக் குத்தகையும்தான். சோலைவரியை ஒழுங்காக அறவிட்டால் வோட்டுப் போகும் என்று எந்தத் தவிசாளரும் அறவிடவில்லை. சம்பளம் மேலிருந்து வரும். ஊரில் பத்துத் தொழில் முளைத்தாலும் சபைக்கு ஒரு சதம் கூடாது, இருபது தொழில் படுத்தாலும் ஒரு சதம் குறையாது. பிறகு எவன் கவலைப்படுவான்? ஐஸ் பக்டரி ஓடுகிறதா நிற்கிறதா என்று கேட்கச் சபையில் ஒருவருக்கும் காரணம் இருக்கவில்லை. அதிகாரத்தையும் காசையும் கொழும்பு விடாது என்று மேடையில் கத்தியவர்களை நான் அறிவேன். சாமி வரம் தந்தாலும் பூசாரி விடான் என்பார்கள், சரிதான். ஆனால் அவர்கள் கேட்ட அதிகாரம் தங்கள் மச்சினனுக்குக் கட்டட வேலைகளைக் கொந்துறாத்துக் கொடுக்கும் அதிகாரம். ஓடை வெட்டும் அதிகாரத்தை ஒருவரும் கேட்டதில்லை.

கபூர் மச்சான் யாரையும் பார்த்து நிற்கவில்லை. ராத்தாவின் நகையை வைத்து, பழைய இடத்திலேயே கொட்டிலைக் கட்டினார்.

4

இங்கே குடியுரிமை கிடைத்த பிறகு, போன வருஷம் முதல் தடவையாக ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். எனக்குக் குடியுரிமை கொடுக்கலாமா என்று கை தூக்கியவர்களும் இதே ஆட்கள்தான். உடற்பயிற்சி மண்டபம், மர வாங்குகள், ஈர மேலங்கி நாற்றம். ஓடையை அகலமாக்க வேண்டும், அதற்கு ஊர் வரியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்றார்கள். ஒரு கிழவர் எழும்பி, பாலத்துக்குப் பக்கத்தில் போடும் வாங்கு எதற்கு, அதில் எவன் உட்காரப் போகிறான் என்று கால் மணித்தியாலம் சண்டை பிடித்தார். வாங்கை வெட்டினார்கள். பிறகு வரியைக் கூட்டக் கை தூக்கினார்கள். தன் வரியைத் தானே கூட்டிக்கொள்ளும் சனத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன். எனக்குக் கை எழும்பவே இல்லை. எண்ணி முடித்த பிறகு தூக்கினேன், பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

அந்தத் தச்சுப் பட்டறை பக்கத்து ஊருக்கு மாறப்போகிறதாம் என்று ஒரு கதை வந்தபோது, ஊர்த்தலைவர் அடுத்த நாளே கோப்பி குடிக்க அங்கே போய் உட்கார்ந்தார். பட்டறை போனால் வரி போகும், வரி போனால் பள்ளிக்கூடத்தில் கை வைக்க வேண்டும். அவர் நல்ல மனிதர் என்பதால் போகவில்லை. போகாமல் இருக்க முடியாத இடத்தில் அவரைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்து இங்கே சொர்க்கம் என்று எழுதுகிற எங்கள் ஆட்களைக் கண்டாலும் எனக்கு எரிச்சல் வரும். மலையின் மறுபக்கத்து ஊரில் ஒரு பணக்காரன் குடியேறினான், அங்கே வரி பாதியாகிவிட்டது. அதற்கு மேலே உள்ள ஊரில் பிள்ளைகளும் இல்லை, காசும் இல்லை, பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அவரவர் ஊர் அவரவர் பாடு என்றால் இப்படியும் நடக்கும். அதற்கும் இங்கே கை தூக்கித்தான் சம்மதிக்கிறார்கள், மனச்சாட்சி உறுத்தாமல்.

என் இளைய மகள் ஹப்ஸா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறாள். ஊராட்சிகளுக்கு வரி விதிக்கவும் செலவழிக்கவும் அதிகாரம் கொடுத்தால் பிரதேசங்கள் கூடுதலாக வளருமா என்று அவளுக்கு ஒரு கட்டுரை. "வாப்பா, உங்கட நாட்டில எப்பிடி?" என்று கேட்டாள். உங்கட நாடு. ஐந்து வயதில் என் தோளில் தூங்கிக்கொண்டு வந்து இறங்கியவள். தமிழில் பாதி, ஜெர்மனில் பாதியாக நான் தோணாக் கதையைச் சொன்னேன். அவள் குறிப்பெடுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, "நீங்க சும்மா மெஷினக் கூப்பிட்டிருக்கலாமே வாப்பா" என்றாள்.

எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். அவளிடம் நான் முழுக் கதையையும் சொல்லவில்லை.

5

யுத்தம் முடிந்தது. முடிந்ததும் கிழக்குக்கு அபிவிருத்தி வந்தது. அதாவது, வீதி வந்தது. கொழும்பில் இருந்து நேராக வந்த காசில் பெரிய வீதியை உயர்த்திக் கார்பெட் போட்டார்கள். தண்ணீர் குறுக்கே போக வைத்த போக்குகளைப் பாதிக்கு மேல் அடைத்துவிட்டார்கள். வீதி கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த வீதியால் வெளியூர்ச் சாமான் எங்கள் கடைகளுக்கு வேகமாக வந்தது, எங்கள் பெடியன்கள் வெளிநாடு போகக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேகமாகப் போனார்கள்.

அடுத்து வந்த மாரிகளில் ஒன்றில் மழை விடவே இல்லை. குழாய் இரண்டையும் மணல் அடைத்துவிட்டது. சபை அப்போது கலைந்திருந்தது, தவிசாளர் இல்லை. மேலிருந்து போட்ட விசேட ஆணையாளர் இரண்டு மூன்று சபைக்குப் பொறுப்பு, எங்களிடம் வியாழக்கிழமைதான் வருவார். சுவரில் நாலு முழம் உடைத்து வாயை வெட்டினால் போதும். சுவர் அமைச்சினுடையது. நான் அம்பாறைக் கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்கு, கடிதம் போட்டேன். தமிழில் போட்டால் சுணங்கும் என்று ஆள் பிடித்துச் சிங்களத்தில் போட்டேன். கடிதத்தின் கொப்பியில் திகதி முத்திரை குத்திக் கோப்பில் வைத்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் கறுப்புக் கோட்டைத் தாண்டியது. பள்ளியில் அறிவித்தார்கள். மண்வெட்டியும் கல்லுப் பெயர்க்கும் அலவாங்குமாகச் சனம் சுவரடிக்கு வந்தது. முன்னால் கபூர் மச்சான், கையில் அலவாங்கு.

நான் குடையோடு ஓடினேன். சுவருக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"உடைக்கப்படா. இது அரச சொத்து. பொலிஸ் வந்தா ஒவ்வொரு ஆளா ஏத்தும். கடிதம் போட்டிரிக்கி, பதில் வரும்" என்றேன்.

வட்டவிதானை கேட்டார்: "எப்ப வரும் தம்பி?"

"நாளைக்கி இல்லாட்டி நாளையிண்டைக்கி."

"தண்ணிக்கு நாள் சொன்னீங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கபூர் மச்சான் அலவாங்கை ஓங்கினார். நான் கிட்டப் போய் அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்: "மச்சான், இத உடைச்சா என்ட வேல போயிரும்."

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் திரும்பித் தன் கொட்டிலைப் பார்த்தார். தண்ணீர் அதன் வாசற்படியில் நின்றது. பிறகு அலவாங்கை மெதுவாகக் கீழே வைத்தார். "டீ.ஓ. தம்பி சொல்றாரு, பொறுத்துப் பாப்பம்" என்று சனத்துக்குச் சொன்னார். அவரே வைத்துவிட்டார் என்றதும் மற்றவர்களும் போனார்கள்.

என் மேசை இழுப்பறையில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து என்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தன் பொறுப்பில் தடையை அகற்றலாம், இயந்திரம் பிடிக்கலாம், அறிக்கை பிறகு கொடுக்கலாம். நானே கோப்பில் துளை போட்டு வைத்த தாள். அதை நம்பி முன்பு இயந்திரம் பிடித்த இன்னொரு சபைக்காரர், டீசலுக்கு மூன்று விலைக்கோரல் ஏன் எடுக்கவில்லை என்ற கணக்காய்வுக் கேள்விக்கு இரண்டு வருஷம் பதில் எழுதினார். அது எனக்குத் தெரியும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன் என்றால் அதுகூடப் பொய். அலையவும் இல்லை, காத்திருந்தேன்.

விடிவதற்குள் கொட்டிலுக்குள் இடுப்பளவு தண்ணீர். மோட்டர் போனது. அடுத்த நாள் சுவரைத் தண்ணீரே உடைத்துக்கொண்டு போனது. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. விண்ணப்பத்தை மூன்று பிரதியில், உரிய படிவத்தில் அனுப்பவும்.

அந்த மாரியில் எங்கள் கரை மீன் லொறிக்காரன் சொன்ன விலைக்கே போனது. கபூர் மச்சான் சவூதிக்கு லொறி ஓட்டப் போனார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ராத்தாவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் ஊரில் இருந்திருப்பேனோ என்னவோ. மனைவியின் காக்கா, அதாவது அண்ணன், இங்கே இருந்தார், அடுத்த வருஷம் விட்டுவிட்டு வந்தேன். ஒழுங்கான உத்தியோகத்தர் என்று சபையில் பிரியாவிடை வைத்தார்கள். சுவரைப் பழைய மாதிரியே திரும்பக் கட்டினார்கள், அதே இரண்டு குழாயோடு, புதுப் பெயர்ப்பலகையோடு.

6

கபூர் மச்சான் மூன்று வருஷத்துக்கு முன் ஊருக்குத் திரும்பினார். சவூதியில் சேர்த்ததைப் போட்டு அதே தோணாக்கரையில் மறுபடி ஐஸ் போடுகிறார். வேறு காணி இல்லை. அவருடைய மகன் ரிபாஸ், என் மருமகன், இப்போது அதே சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நான் இருந்த மேசைதானாம், இழுப்பறை இன்னும் இரண்டு கையாலும் இழுத்தால்தான் வருமாம்.

செவ்வாய்க்கிழமை, மண்வாரி மரத்தைத் தூக்கி ஓடைத் தண்ணீர் இறங்கத் தொடங்கிய நேரம், என் தொலைபேசி அடித்தது. ரிபாஸ். பின்னால் மழைச் சத்தமும் சனத்தின் சத்தமும் கேட்டது.

"மாமா, தண்ணி கறுப்புக் கோட்டத் தொட்டுட்டு. சனமெல்லாம் அலவாங்கோட சுவரடியில வந்து நிக்கிது. வாப்பாவும் நிக்காரு. கச்சேரியில ஒருத்தரும் போன் எடுக்காங்க இல்ல. நான் என்ன செய்யிற மாமா?"

எனக்கு முன்னால் ரெகுலாவின் இயந்திரம் நிற்கிறது. மேலே எழுதியதெல்லாம் எனக்குத் தெரியும். பதினைந்து வருஷம் மனதுக்குள் யார் யாரையோ திட்டிச் சேர்த்து வைத்த அத்தனையும் தொண்டையில் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"கடிதம் போட்டீங்களா மகன்? கொப்பி வெச்சிரிக்கீங்களா?"

இதுதான் என் வாயில் வந்தது. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது, எங்கே துப்புவது என்று தெரியவில்லை. "பொறுங்க, நான் சொல்ல வந்தது…" என்று தொடங்கினேன். அதற்குள் தொலைபேசி கை மாறியது.

"மச்சான், நான் கபூர்." குரலில் கோபம் இல்லை. "அண்டைக்கி உங்கட வேலைக்காகத்தான் நான் அலவாங்கக் கீழ வெச்ச. இவன்ட வேல போனா போகட்டும், ஐஸ் போட நான் பழக்கிக் குடுக்கன். இண்டைக்கி வெக்க மாட்டன்."

தொலைபேசியை நிறுத்தாமலே சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார் போல. "பிஸ்மில்லாஹ்" என்று சொன்னது கேட்டது. பிறகு இரும்பு கல்லில் விழும் சத்தம், ஒன்று, அதற்குப் பின் பல. நான் காதில் வைத்தபடியே நின்றேன். அதற்கு மேல் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.